கட்சிகளின் பெயரும் கொள்கையும் – 9: பெபெலின் கட்சி

இங்கிலாந்தில் விக் என்றும் டோரி என்றும் வழங்கிய இரு கோஷ்டிகள், பிரபுக்களின் மாளிகைகளிலும் பாராளுமன்ற மண்டபத்திலும் பிறந்து வளர்ந்து, வாக்குரிமை விரிய விரியத்தான் சாமானிய ஜனங்களின் வாசற்படிக்கு வந்து சேர்ந்தன என்பதைச் சென்ற இதழ்களில் கண்டோம். ஜெர்மனியில் இந்த முறை தலைகீழாக நடந்தது. அங்கே ஒரு கட்சி பட்டறைகளிலும், சுருட்டுத் தொழிலாளர் சங்கங்களிலும், கைவினைஞர்கள் இரவில் கூடிப் படித்த கல்விக் கழகங்களிலும் பிறந்து, பன்னிரண்டு ஆண்டுக் காலம் சட்டத்தினால் வேட்டையாடப்பட்டு, அதன் பின்னும் அழியாமல் நாட்டின் மிகப் பெரிய கட்சியாக நிமிர்ந்தது. இன்று உலகின் பல தேசங்களில் சமூக ஜனநாயகக் கட்சி என்ற பெயரோடு விளங்கும் ஸ்தாபனங்களும், கம்யூனிஸ்ட் கட்சி என்ற பெயரோடு விளங்கும் ஸ்தாபனங்களும், தங்கள் வம்சாவளியைத் தேடிச் சென்றால் பெரும்பாலும் வந்து நிற்க வேண்டிய இடம் இந்த ஜெர்மன் கட்சியின் வாசல்தான்.

1863-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி, லைப்சிக் நகரில், பெர்டினாண்ட் லாஸால் என்பவர் பொது ஜெர்மன் தொழிலாளர் சங்கத்தை ஸ்தாபித்தார். பிரெஸ்லாவ் நகரத்து யூத வர்த்தகர் ஒருவரின் புதல்வரான லாஸால், தத்துவமும் சட்டமும் கற்றவர். மேடையில் நின்றால் கேட்போரைக் கட்டிப் போடும் வாக்கு வன்மை படைத்தவர். அவர் கேட்டவை இரண்டே: ஆண்கள் அனைவருக்கும் சமமான வாக்குரிமை; அரசாங்கத்தின் மூலதன உதவியோடு தொழிலாளரே நடத்தும் உற்பத்திக் கூட்டுறவுகள். இரண்டாவது கோரிக்கை, அரசு என்பது தொழிலாளனுக்கு நண்பனாக மாறக்கூடும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது. அந்த நம்பிக்கை காரணமாகவே அவர் பிரஷ்யப் பிரதம மந்திரி பிஸ்மார்க்கை இரகசியமாகச் சந்தித்து உரையாடவும் துணிந்தார். சங்கத்துக்கு ஒன்றே கால் வயது ஆன சமயத்தில், 1864 ஆகஸ்டில், ஒரு காதல் விவகாரத்தின் பொருட்டு ஜினிவாவுக்கு அருகே நடந்த துப்பாக்கித் துவந்த யுத்தத்தில் காயமுற்று அவர் மாண்டார். ஆனால் அரசை நம்பலாமா என்று அவர் எழுப்பிவிட்டுப் போன கேள்வி, அந்தக் கட்சியை ஒரு நூற்றாண்டுக்கு விடவில்லை.

நம்பலாகாது என்று விடை சொன்னவர்கள் வேறு இருவர். ஒருவர், லண்டனில் அகதியாக வாழ்ந்த காலத்தில் கார்ல் மார்க்ஸின் வீட்டுக்கு நாள்தோறும் சென்று பழகிய வில்ஹெல்ம் லீப்க்னெஹ்ட். மற்றவர் ஆகஸ்ட் பெபெல். மரம் கடையும் தொழிலாளி. கொலோன் நகருக்கு எதிர்க்கரையில், ஒரு கீழ்நிலைப் படையதிகாரியின் மகனாகப் பாசறையிலே பிறந்து, இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்து, ஊர் ஊராக வேலை தேடி நடந்து, லைப்சிக்கில் கடைசல் பட்டறை வைத்தவர். இவ்விருவரும் 1869-ல் ஐசெனாஹ் நகரில் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்சோடு யுத்தம் மூண்டது. தேசம் முழுவதும் வெற்றி முழக்கத்தில் மூழ்கியிருக்கையில், யுத்தச் செலவுக்கான கடனுக்கு வாக்களிக்க மறுத்து இருவரும் ஒதுங்கி நின்றார்கள்; பிரெஞ்சு சக்கரவர்த்தி பிடிபட்ட பிறகும் அல்ஸாஸையும் லொரேனையும் பறிப்பதற்காக யுத்தம் நீடித்தபோது, வெளிப்படையாகவே எதிர்த்து வாக்களித்தார்கள். அதன் பயனாக ராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, 1872-ல் தலைக்கு இரண்டாண்டு கோட்டைக் காவல் விதிக்கப்பெற்றார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பெபெல், தம் சர்வகலாசாலை அந்தச் சிறைதான் என்று எண்ணும்படி அங்கே சரித்திரமும் பொருளாதாரமும் கற்றுத் தேர்ந்தார். 1870-ல் அவர்கள் எடுத்த இந்த நிலையை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் இதே சோதனை அதே கட்சிக்கு மறுபடியும் வந்தது.

லாஸாலின் சீடர்களும் ஐசெனாஹ் கட்சியினரும் 1875-ல் கோத்தா நகரில் ஒன்று சேர்ந்தார்கள். ஒற்றுமைக்காக இரு தரப்பாரும் விட்டுக் கொடுத்து எழுதிய திட்டத்தை லண்டனிலிருந்த மார்க்ஸ் வரிக்கு வரி கண்டித்து எழுதி அனுப்பினார். தலைவர்கள் அதைப் படித்துவிட்டு வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ்தான் அதை அச்சேற்றினார். மார்க்ஸின் தர்க்கத்தில் பிழை காண்பது அரிது. ஆயினும், அன்றைக்கு அந்தத் தொழிலாளர்களுக்கு வேண்டியிருந்தது பிழையற்ற சித்தாந்தமா, பிளவற்ற ஸ்தாபனமா என்று கேட்டால், அடுத்த மூன்றே ஆண்டுகளில் வந்த ஆபத்தை அறிந்தவர்கள் ஸ்தாபனம்தான் என்று சொல்லத் தயங்க மாட்டார்கள்.

1878 மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் கிழவரான கைஸர் முதலாம் வில்ஹெல்மின் மீது இரண்டு கொலை முயற்சிகள் நடந்தன. இரண்டும் கட்சியின் ஏற்பாட்டால் நடந்தவை அல்ல. இருந்தும் பிஸ்மார்க் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. பாரிஸ் கம்யூனைப் பாராட்டி 1871-ல் பெபெல் ரைஷ்டாக் சபையில் பேசிய பேச்சைக் கேட்ட நாளிலிருந்தே இவர்களை ஒழித்தாக வேண்டும் என்று கருதி வந்தவர் அவர். 1878 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், கட்சியின் சங்கங்களையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்தது. பெர்லின், ஹாம்பர்க், லைப்சிக் முதலிய நகரங்களில் போலீசார் தாம் விரும்பாதவர்களை ஊரை விட்டே வெளியேற்றலாம் என்ற அதிகாரம் பெற்றார்கள். சட்டம் அமலிலிருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் தொள்ளாயிரம் பேர் ஊரிழந்தார்கள். சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர் சிறை புகுந்தார்கள். பெபெலே தம் மனைவி மக்களையும் பட்டறையையும் விட்டு லைப்சிக்கிலிருந்து வெளியேற நேர்ந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. தனி மனிதன் என்ற முறையில் ஒருவர் தேர்தலில் அபேட்சகராக நிற்பதையும், ரைஷ்டாக்கில் உட்கார்ந்து பேசுவதையும் அது தடுக்கவில்லை. வெளியில் ஒரு கூட்டம் போட முடியாத கட்சி, சபைக்குள்ளே தன் அங்கத்தினர்களைக் கொண்டு பேசிற்று. ஊர்களில் கட்சிக் கிளைகள் மறைந்து பாட்டுச் சங்கங்களும் தேகப்பயிற்சிக் கழகங்களும் நோயாளி உதவி நிதிகளும் முளைத்தன. அங்கே கூடியவர்கள் யார் என்பது ஊரார் எல்லோருக்கும் தெரியும், போலீசாரால்தான் நிரூபிக்க முடியவில்லை. சோஷியல்டெமோக்ராட் என்ற வாரப் பத்திரிகை சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் அச்சாகி, எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்து, ஆயிரக்கணக்கான பிரதிகளாகத் தொழிலாளர் வீடுகளை அடைந்தது. இந்தக் கடத்தல் ஏற்பாட்டை நடத்திய யூலியஸ் மோட்டெலர் சிவப்புத் தபால் அதிபர் என்று பெயர் பெற்றார். பெண்களின் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் ஆராய்ந்து 1879-ல் பெபெல் வெளியிட்ட நூலும் தடை செய்யப்பட்டது; கையிலிருந்து கைக்கு மாறிப் படிக்கப்பட்ட அந்நூல் அவர் வாழ்நாளிலேயே ஐம்பது பதிப்புகள் கண்டது. கட்சியின் மகாநாடுகள் சுவிட்சர்லாந்தின் பாழடைந்த ஒரு கோட்டையிலும், கோபன்ஹேகனிலும், செயின்ட் காலென் நகரிலும் கூடின.

சட்டத்தின் கொடுமையோடு பிஸ்மார்க் சலுகையையும் கலந்து பார்த்தார். 1883-ல் நோய்க் காப்பு, 1884-ல் விபத்துக் காப்பு, 1889-ல் முதுமைக்கும் அங்கஹீனத்துக்கும் உதவித்தொகை என்று உலகில் வேறெங்கும் அதுவரை இல்லாத சட்டங்களை அவர் இயற்றினார். தொழிலாளிகள் அந்த நன்மைகளை ஏற்றுக்கொண்டு, வாக்கைப் பெபெலுக்கே அளித்தார்கள். 1881-ல் மூன்று லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியிருந்த கட்சியின் வாக்குகள், 1890-ல் பதினான்கு லட்சத்தைத் தாண்டி, எந்தக் கட்சியும் பெற்றதை விட அதிகமாயின. அந்த ஆண்டு பிஸ்மார்க் பதவி இழந்தார். அவர் சட்டமும் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. வெளிச்சத்துக்கு வந்த கட்சி ஹாலே நகரில் கூடி, ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி என்ற, இன்று வரை வழங்கும் பெயரைச் சூடிக்கொண்டது.

மறு ஆண்டு எர்ஃபர்ட் நகரில் நிறைவேறிய திட்டத்துக்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதி கட்சியின் சித்தாந்தியான கார்ல் காட்ஸ்கி எழுதியது: முதலாளித்துவம் தன் இயல்பினாலேயே சிறு தொழில்களை விழுங்கி, செல்வத்தைச் சிலர் கையில் குவித்து, நெருக்கடிகளை முற்றச் செய்து, இறுதியில் உற்பத்திச் சாதனங்களைச் சமூகத்தின் உடைமையாக்குவதில் கொண்டு விடும் என்ற மார்க்ஸிய சித்தாந்தம். இரண்டாம் பகுதி எடுவர்ட் பெர்ன்ஸ்டைன் எழுதியது: இருபது வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, இலவசக் கல்வி, வருமானத்துக்கேற்ப ஏறும் வரி என்று, நாளைக்கே ஒரு நல்ல அரசாங்கம் செய்துவிடக்கூடிய காரியங்களின் பட்டியல். இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. இரண்டாம் பகுதியைச் சாதிக்கச் சாதிக்க முதற்பகுதி நெருங்கி வருமா, விலகிப் போகுமா என்பதைப் பற்றித் திட்டம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கட்சி அந்த வினாவை ஒத்திப்போட்டே வளர்ந்தது.

வினாவை வாய்விட்டுக் கேட்டவர், இரண்டாம் பகுதியை எழுதிய பெர்ன்ஸ்டைனே. பாங்குக் குமாஸ்தாவாக இருந்து கட்சிப் பணிக்கு வந்து, தடைச் சட்ட காலத்தில் தேசப் பிரஷ்டராகி, லண்டனில் எங்கெல்ஸின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் அவர். எங்கெல்ஸ் மறைந்த பிறகு எழுதத் தொடங்கிய கட்டுரைகளிலும், 1899-ல் வெளியிட்ட நூலிலும், மத்திய வர்க்கம் மறைந்து போகவில்லை, சிறு தொழில்கள் சாகவில்லை, தொழிலாளியின் நிலை படிப்படியாக உயர்கிறது, ஆகவே மகா பிரளயத்துக்குக் காத்திருப்பதை விட்டு, கட்சி தான் நடைமுறையில் செய்துவரும் சீர்திருத்தத்தையே தன் கொள்கை என்று துணிந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர் வாதாடினார். போலந்தில் பிறந்து, ஜூரிச்சில் டாக்டர் பட்டம் பெற்று, அப்போதுதான் பெர்லினுக்கு வந்திருந்த ரோஸா லக்ஸம்பர்க் இதற்கு அளித்த மறுப்பு, வயதில் முப்பதை எட்டாத ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்ததா என்று கட்சிப் பெரியவர்களைத் திகைக்கச் செய்தது. இறுதி இலட்சியத்தை விட்டுவிட்டால் எஞ்சுவது வேறொரு பாதையல்ல, வேறோர் ஊர்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். கட்சிக் காரியதரிசியான இக்னாஸ் ஔவர் என்பவர் பெர்ன்ஸ்டைனுக்குத் தனிக் கடிதம் ஒன்று எழுதினார்: இப்படிப்பட்டவற்றைத் தீர்மானமாகப் போடுவதும் இல்லை, வாயால் சொல்வதும் இல்லை, செய்துகொண்டு போவதுதான் முறை என்ற கருத்து அதில் இருந்தது. 1903-ல் டிரெஸ்டென் மகாநாடு பெர்ன்ஸ்டைனின் கருத்துகளைப் பெரும்பான்மையால் கண்டித்தது. ஆனால் அவரை யாரும் வெளியேற்றவில்லை. கட்சியின் அன்றாட நடைமுறையையும் யாரும் மாற்றவில்லை. இக்னாஸ் ஔவரின் கடிதம் சொன்னபடியே காரியங்கள் நடந்து வந்தன.

ஏட்டிலே ஒன்றும் நடப்பிலே ஒன்றுமாக ஒரு கட்சி இருப்பதனால் விளையும் தீமை, அமைதிக் காலத்தில் தெரிவதில்லை. அது தெரியத் தொடங்கிய இடம் 1907 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் கூடிய சர்வதேச சோஷலிஸ்ட் மகாநாடு. இந்தியர்களாகிய நமக்கு இந்த மகாநாடு ஒரு காரணத்தால் நினைவிலிருக்கிறது: பம்பாயில் பிறந்த பார்சி மாது மேடம் காமா அங்கேதான் சுதந்திர இந்தியாவின் கொடி என்று ஒன்றை விரித்துக் காட்டி, பிரிட்டிஷ் ஆட்சியின் கொடுமையை உலகத் தொழிலாளர் பிரதிநிதிகளின் முன் எடுத்துரைத்தார். அதே மகாநாட்டில் காலனிகளைப் பற்றி எழுந்த தீர்மானம் ஒன்று, சோஷலிஸ்ட் ஆட்சியிலும் காலனிக் கொள்கை நாகரிகத்தைப் பரப்பும் பணியாக இருக்கக்கூடும் என்ற பொருள்படும் வாசகத்தோடு வந்தது. ஜெர்மன் பிரதிநிதிகளிற் பெரும்பாலோர் அதை ஆதரித்தார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. 108-க்கு 127 என்ற வாக்குகளால்தான் அது தோற்றது. ஐரோப்பியத் தொழிலாளியின் விடுதலையைப் பற்றிப் பேசிய பலருக்கு, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவன் தொழிலாளியாகத் தென்படவில்லை. யுத்தத்தைத் தடுக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும், மூண்டுவிட்டால் அதை விரைவில் முடிக்கப் பாடுபட வேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

1912 தேர்தலில் கட்சி நூற்றுக்கு முப்பத்து நான்கு வாக்குகளுக்கு மேல் பெற்று, 397 பேர் கொண்ட ரைஷ்டாக்கில் 110 ஸ்தானங்களை அடைந்தது. பத்து லட்சம் அங்கத்தினர்கள், சுமார் தொண்ணூறு தினசரிகள், நூல் நிலையங்கள், கட்சிப் பள்ளி, இருபது லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்ட தொழிற் சங்கங்கள் என்று அது ஒரு சாம்ராஜ்யத்துக்குள் மற்றொரு சாம்ராஜ்யமாக விளங்கியது. 1913 ஆகஸ்டில் பெபெல் காலமானார். அவர் ஸ்தானத்துக்கு ஹூகோ ஹாஸேயோடு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு வந்தவர் பிரெடெரிக் ஏபர்ட். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, ஸ்தாபன நிர்வாகத்தில் நிகரற்ற திறமை பெற்றவர்.

1914 ஜூலை 25-ல் யுத்த வெறியைக் கண்டித்துக் கட்சி அறிக்கை விட்டது. அடுத்த சில நாட்களில் பெர்லின் வீதிகளில் பல்லாயிரம் தொழிலாளர் சமாதானம் கோரி ஊர்வலம் வந்தார்கள். அடக்குமுறை மீண்டும் வரலாம் என்றஞ்சி, கட்சியின் ரொக்கத்தை எடுத்துக்கொண்டு ஏபர்ட்டும் ஓட்டோ பிரௌனும் ஜூரிச்சுக்குச் சென்றார்கள். 31-ஆம் தேதி பாரிஸில் பிரெஞ்சு சோஷலிஸ்ட் தலைவர் ஜோரேஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 2-ல் தொழிற் சங்கத் தலைவர்கள் யுத்தகாலத்தில் வேலை நிறுத்தம் இல்லையென்று முடிவு செய்துவிட்டார்கள். 3-ஆம் தேதி கட்சியின் ரைஷ்டாக் அங்கத்தினர்கள் கூடி, யுத்தக் கடனை ஆதரிப்பது என்று 78-க்கு 14 என்ற கணக்கில் தீர்மானித்தார்கள். மறு நாள் சபையில், அந்தப் பதினால்வரும் கட்சிக் கட்டுப்பாட்டை மதித்து மற்றவர்களோடு எழுந்து நின்றார்கள். எதிர்ப்பாளரில் ஒருவரான ஹாஸே, தலைவர் என்ற முறையில், தாம் ஏற்காத அறிக்கையைத் தாமே படித்தார். லீப்க்னெஹ்ட்டின் மகன் கார்ல் லீப்க்னெஹ்ட்டும் அன்று மௌனமாக உடன் வாக்களித்தார். டிசம்பர் 2-ல் வந்த இரண்டாவது கடனுக்குத்தான் அவர் தன்னந்தனியாக எதிர்த்து நின்றார்.

யுத்தக் கடனை ஆதரித்தவர்கள் தரப்பில் சொல்லத்தக்க நியாயங்கள் இல்லாமலில்லை. படையெடுத்து வருபவன் ஐரோப்பாவின் மிகக் கொடிய சர்வாதிகாரியான ஜார் என்று அரசாங்கம் அவர்களை நம்ப வைத்தது. ஐம்பதாண்டு உழைப்பில் எழுப்பிய கட்டடங்களும் நிதியும் ஒரே உத்தரவில் பறிபோகும் என்ற அச்சமும் மெய்யானது. அணி அணியாகப் படைக்குப் போய்க்கொண்டிருந்த தம் சொந்தத் தொண்டர்களைக் கைவிடுவதாகாதா என்ற வேதனையும் மெய்யானது. இத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னும், அன்று நடந்தது துரோகமே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். 1870-ல் பெபெலுக்கும் மூத்த லீப்க்னெஹ்ட்டுக்கும் காக்கக் கட்டடமும் இல்லை, நிதியும் இல்லை. கோட்டைச் சிறை கண் முன்னே தெரிந்தும் அவர்கள் கையைத் தூக்க மறுத்தார்கள். ஸ்டட்கார்டில் தாங்களே ஏற்ற தீர்மானத்தைப் பத்து லட்சம் பேரின் பிரதிநிதிகள் ஏழாண்டுகளில் கைவிட்டார்கள்.

யுத்தம் நீள நீளக் கட்சி பிளந்தது. 1875-ல் ஒற்றுமை கண்ட அதே கோத்தாவில், 1917 ஏப்ரலில், எதிர்ப்பாளர்கள் சுயேச்சை சமூக ஜனநாயகக் கட்சியை அமைத்தார்கள். அதில் சேர்ந்தவர்களின் பெயர்களைப் பார்க்கும்போதுதான் இந்தச் சரித்திரத்தின் உட்பொருள் விளங்குகிறது. மார்க்ஸைத் திருத்த வந்த பெர்ன்ஸ்டைன் அதில் இருந்தார். மார்க்ஸைக் காக்க நின்ற காட்ஸ்கி இருந்தார். இருவரையும் எதிர்த்த ரோஸா, சிறைக்குள்ளிருந்தபடியே, தம் ஸ்பார்டக்கஸ் குழுவோடு இருந்தார். முன்பு ரோஸாவின் பக்கம் நின்று தீவிரம் பேசிய லென்ஷும் ஹேனிஷும் யுத்த ஆதரவாளரோடு தங்கிவிட்டார்கள். டிரெஸ்டெனில் கட்சியைப் பிரித்துக் காட்டிய கோடு, துப்பாக்கிகள் வெடித்தபோது கட்சியைப் பிரித்த கோடாக இருக்கவில்லை.

பெயர்களின் பிரிவு இதிலிருந்தே வந்தது. சமூக ஜனநாயகம் என்ற பெயர் கறைபட்டுவிட்டது, அதைக் களைந்து கம்யூனிஸ்ட் என்ற பெயரைச் சூட வேண்டும் என்று லெனின் 1917 ஏப்ரலில் தம் கட்சியினரை வற்புறுத்தினார். 1918 மார்ச்சில் ரஷ்யக் கட்சி அவ்வாறே செய்தது. 1920-ல் மூன்றாவது அகிலம் என்ற கம்யூனிஸ்ட் சர்வதேச ஸ்தாபனம், தன்னோடு சேரும் ஒவ்வொரு கட்சியும் அந்தப் பெயரை ஏற்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே விதித்தது. ஜெர்மனியில் 1918-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. இரண்டு வாரத்தில், 1919 ஜனவரி 15 அன்று, கைஸர் ஆட்சி வீழ்ந்தபின் அமைந்த ஏபர்ட்டின் அரசாங்கம் பெர்லினில் மூண்ட கலகத்தை அடக்க வரவழைத்த படைகளைச் சேர்ந்தவர்கள், ரோஸா லக்ஸம்பர்க்கையும் கார்ல் லீப்க்னெஹ்ட்டையும் பிடித்துக் கொன்றார்கள். அதற்கு முன்பே, 1918 நவம்பரில், எர்ஃபர்ட் திட்டத்தின் இரண்டாம் பகுதியிலிருந்த பெண்கள் வாக்குரிமையும் எட்டு மணி நேர வேலையும் அதே அரசாங்கத்தால் சட்டமாயின. கொலையையும் சட்டத்தையும் ஒரே கணக்கில் எழுதிக் கழித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் அப்படியே விட்டுச் செல்கிறேன். கம்யூனிஸ்டுகள் பிற்காலத்தில் சமூக ஜனநாயகரைப் பாசிஸத்தின் சகோதரர்கள் என்று ஏசி, ஹிட்லரின் வருகையின்போதும் சேர்ந்து நிற்க மறுத்ததற்கு அந்த ஜனவரியின் இரத்தம் ஒரு காரணம். மாஸ்கோவின் கட்டளை மற்றொரு காரணம்.

1933 மார்ச் 23-ல் ஹிட்லருக்குச் சர்வாதிகாரம் அளிக்கும் மசோதா வந்தது. கம்யூனிஸ்ட் பிரதிநிதிகள் சபைக்கே வர முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தார்கள். சீருடை அணிந்த அடியாட்கள் மண்டபத்தைச் சூழ்ந்து நிற்க, கத்தோலிக்க மத்தியக் கட்சியும் லிபரல்களும் தலையசைத்துவிட, சமூக ஜனநாயகத் தலைவர் ஓட்டோ வெல்ஸ் ஒருவர்தான் எழுந்து மறுத்துப் பேசினார். எதிராக விழுந்த 94 வாக்குகளும் அவர் கட்சியாருடையவை. ஆதரவாக விழுந்தவை 444. அந்த 94 பேரைப் பற்றி எழுதுகையில், பெபெலின் கட்சி அன்று மீண்டும் பெபெலின் கட்சியாக இருந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஜூனில் கட்சி தடை செய்யப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டு இருளுக்குப் பின், கிழக்குப் பகுதியில் 1946-ல் சோவியத் ஆதிக்கத்தின் நெருக்குதலால் கட்சி கம்யூனிஸ்டுகளோடு இணைக்கப்பட்டுப் பெயரிழந்தது. மேற்கில், முதல் யுத்தத்தில் ஒரு கையையும் ஹிட்லரின் முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டையும் இழந்த குர்ட் ஷூமாக்கர் அதை மீண்டும் நிறுத்தினார். 1959 நவம்பரில் பாட் கோடெஸ்பெர்க் நகரில் கூடிய மகாநாடு, காட்ஸ்கி எழுதிய முதற்பகுதியின் சித்தாந்தத்தை முற்றிலும் விட்டு, கிறிஸ்தவ ஒழுக்கத்தையும் மனிதாபிமானத்தையும் பண்டைத் தத்துவத்தையும் தன் வேர்களாக அறிவித்து, சந்தையையும் போட்டியையும் வரம்போடு ஏற்றுக்கொண்டது. இதைப் பின்வாங்கல் என்று பழிப்பவர்கள் உண்டு. அறுபதாண்டுகளாக நடந்து வந்ததை ஏட்டிலும் எழுதிக்கொண்ட நேர்மை என்றே நான் இதைக் கருதுகிறேன். ஆதரவு 324, எதிர்ப்பு 16. கட்சியின் பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. போர்ச்சுகலில் இதே பெயரை 1976-ல் ஏற்ற கட்சியோ, அந்நாட்டு அரசியலில் இடதுசாரிகளுக்கு எதிரணியில் நிற்கிறது.

அடுத்த இதழில் ரஷ்யாவுக்குச் செல்வோம். 1898-ல் மின்ஸ்க் நகரில் ஒன்பதே பிரதிநிதிகள் கூடி, ஜெர்மன் கட்சியை மாதிரியாகக் கொண்டு, தங்கள் கட்சிக்கும் சமூக ஜனநாயகம் என்ற பெயரையே வைத்தார்கள். ஐந்தாண்டில் அது போல்ஷெவிக், மென்ஷெவிக் என்று இரண்டான வரலாற்றைப் படிக்கும் முன், எர்ஃபர்ட் திட்டத்தின் இரு பகுதிகளைப் பற்றி இங்கே சொன்னதை வாசகர்கள் மறுமுறை பார்த்துக்கொள்வது நலம். அங்கேயும் அந்த வழக்குதான் நடந்தது.